பொட்டு கேட்கும் கதவு

மார்ச் 12. செய்த தவறை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், மாலைக் கணினி வகுப்பில். முகம் பார்த்துத் திறக்கும் எங்கள் பனியன் கம்பெனிக் கதவில், முகம் எத்தனை சதவீதம் பொருந்தினால் திறக்க வேண்டும் என்ற இடத்தில், எண்பது என்று பதிவதற்குப் பதிலாகத் தொண்ணூற்றெட்டு என்று பதிந்துவிட்டேன்.

கணவரின் காரியம் முடிந்து, இன்று பொட்டில்லாமல் வேலைக்கு வந்தார் தையல்காரர் மயிலாத்தாள். பொட்டு வைத்த பழைய படத்தோடு ஒப்பிட்டு, கதவு மூன்று முறை மறுத்தது.

"நானும் செத்துட்டேன்னு இதுக்கு ஆரு சொன்னா?" என்றவர், பக்கத்திலிருந்தவளிடம் ஒரு பொட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார். கதவு திறந்தது.

என் தவறைச் சொல்லி, திருத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே உட்டுரு கண்ணு. பொட்டு வெக்கக்கூடாதுன்னு கொழுந்தனாரு குதிக்கறாரு. வெக்காட்டி மிஷினு உள்ள உடாதுன்னு சொல்லிக்கறேன்."

"அவரு நேர்ல வந்து பாத்தா என்னங்க்கா பண்ணுவீங்க?"

"நாளைக்கே கூட்டியாறேன். நல்லாப் பாக்கட்டும்."

வேறு யாரையும் கதவு மறுக்கவில்லை, இருமுறை சரிபார்த்தேன். ஆனாலும் நான் செய்வது சரியா என்று தெரியவில்லை.

நாளைய வேலை: கொழுந்தனார் முன்னால் அக்காவைப் பொட்டில்லாமல் ஒருமுறை, பொட்டோடு ஒருமுறை நிறுத்திக் காட்ட வேண்டும். தொண்ணூற்றெட்டைத் தொடக் கூடாது.