பாதி வாசகர்கள்

நான்கு கிளை நூலகங்களின் வருகைப் பட்டியல்களை எக்செல்லில் ஒன்றாக்கிக் கூட்டும் வேலை, தகுதிகாண் பருவத்தின் கடைசி மாதத்தில் இருந்த உதவியாளரின் தலையில் விழுந்திருந்தது.

"போன வருஷம் எண்பதாயிரம் வாசகர்கள். உன் கணக்குல நாற்பதாயிரம். மீதிப் பேரை முழுங்கிட்டியாம்மா?" என்றார் தலைமை நூலகர்.

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன் சார்."

"கூட்டத் தெரியாதவளை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எப்படிப் பரிந்துரை எழுதறது? போன வருஷம் நாலு பட்டியலையும் நானே சேர்த்தேன். யார் உதவியும் இல்லாம, ஒரே விரல்ல."

வேலை போனாலும் போகட்டும் என்று அவள் பழைய கோப்பைத் திறந்தாள். பார்த்ததும், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார், ஒவ்வொரு பட்டியலுக்கும் அடியில மொத்தம்னு ஒரு வரி இருக்கு. நீங்க அதையும் சேர்த்து இழுத்துட்டீங்க. ஆளுங்களையும் கூட்டி, கூட்டினதையும் மறுபடி கூட்டியிருக்கீங்க. போன வருஷமும் வந்தது நாற்பதாயிரம் பேர்தான்."

அவருடைய பார்வை தன்னையறியாமல் சுவருக்குப் போனது. அமைச்சர் கையால் வாங்கிய கேடயம் அங்கே மின்னிக்கொண்டிருந்தது: 'ஒரே ஆண்டில் வாசகர்களை இரட்டிப்பாக்கிய சாதனையாளர்.'

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தேனாய்க் குழைந்தது.

"இந்த வருஷமும் அந்த வரியோடயே சேர்த்துடும்மா. உன் பரிந்துரையை இன்னிக்கே எழுதிடறேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, மௌஸை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"ஒரே விரல் வேலைதானே சார்? அது உங்க விரலாவே இருக்கட்டும்."