இல்லாத பக்கம்

பதினோரு மணிக் காப்பி வருவதற்குள் ஒரே புரோகிராமை முந்நூறு தடவை கொன்றுவிட்டதாக மார்தட்டினார் கருத்தக்கண்ணன். எண்பத்தெட்டில், திருநகர் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாப் புரோகிராம்களையும் மேய்க்கும் மூலப் புரோகிராமான கெர்னலைப் பழுது பார்த்தவர் அவர்.

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும்ண்ணே," என்று சிரித்தான் உடன் வேலை பார்த்த காளை. "தனக்கு ஒதுக்காத மெமரிப் பக்கத்தத் தொட்டா கெர்னல் சிக்னல் அனுப்பும், புரோகிராம் சாகும். செத்தது திரும்புமா?"

"திரும்பி வந்து அதே பக்கத்தக் கேக்குது மாப்ள. அது கேக்குற நம்பருக்கு டிஸ்க்குல அம்புட்டுப் பக்கமே கெடையாது."

"அப்பக் குடுத்துத்தான் பாருங்களேன்."

கொல்வதற்குப் பதில் ஒரு வெற்றுப் பக்கத்தைக் கொடுக்கும்படி கெர்னலைத் திருத்தினார். புரோகிராம் வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார்கள். காலையிலிருந்து காளை பேசியதெல்லாம் ஆங்கில எழுத்தில் வரிசையாக இருந்தது. 'குடுத்துத்தான் பாருங்களேன்' வரைக்கும் இருந்தது. அதன்கீழ், அவன் இன்னும் சொல்லாத ஒரு வரி: 'நடந்தது நெசந்தாண்ணே.' அதற்கும் கீழே, சிக்னல் அனுப்பியதும் கெர்னல் வழக்கமாகப் போடும் சொல்: 'கொல்லப்பட்டது.'

மூன்று நாள் காளை வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் கேண்டீனில் அந்தப் பக்கத்தின் கதையைக் கேட்டு எல்லோரும் கருத்தக்கண்ணனைப் புளுகர் என்று கேலி செய்தார்கள். காளை இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, ஒரு சீட்டில் எழுதி நீட்டினான்: 'நடந்தது நெசந்தாண்ணே.'