அளவுக்கு வைத்த விரல்

பெரிய சண்டைக்குப் பிறகு வெள்ளத்தாய் புருஷனிடம் பேசுவதே இல்லை. ஊரில் களையெடுக்கும்போது கண்ணில்படும் பூச்சிகளைப் படமெடுத்து, நிபுணர்கள் பெயர் கண்டுபிடித்துச் சொல்லும் இணையதளத்தில் போடுவாள். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் விரலை வைப்பாள். துபாயில் கம்பி கட்டும் புருஷன் மாடசாமி அந்த விரலைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பான்.

"என்னண்ணே, பூச்சிய இப்பிடி உத்துப் பாக்கீய?" என்றான் அறையில் கூட இருப்பவன்.

"கால எண்ணுதேம்ல. ஒனக்கென்ன?"

நேற்றைய படத்தில் விரல்நுனி கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. "விரல் வேண்டாம், ஸ்கேல் வையுங்கள்" என்று நிபுணர் அவளுக்கு எழுதிவிட்டார். இன்று குளவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்கேல் கிடந்தது. மாடசாமி முதன்முறையாகப் படத்தின் கீழே எழுதினான்: "காயம் ஆறிட்டா?"

நிபுணர்தான் பதில் போட்டார்: "எந்தக் காயம்? இறக்கை, கால் எல்லாம் முழுசாகத்தானே இருக்கிறது?"