வாயால் சொன்ன ஏலாது

“உங்களிட்ட ஆஸ்பில்டுங் எண்டு வேலை பழகிற பிள்ளைக்கு மரியாதை தெரியாதே?”

ஜேர்மனியின் கொலோன் நகரில் உள்ள அந்த மெழுகுதிரிக் கடையின் பின்னறைக்குள் பிலோமினா அக்கா புயலாக நுழைந்தார். தேவாலயப் பங்குப் பிள்ளைகளின் முதல் நன்மைச் சடங்குக்கான மெழுகுதிரி ஓடர் முழுவதும் அவர் கையில் இருந்தது.

“என்ன நடந்ததக்கா?” என்றாள் கடைக்காரி மெற்றில்டா.

“முன்னுக்கு வச்சிருக்கிற நீல மெழுகுதிரியைக் கேட்டன். முகத்தையும் பாராமல் ‘ஏலாது’ எண்டிட்டாள்.”

“அவளோ? வாயாலயோ?”

“பின்னை மூக்காலயோ?”

மெற்றில்டா பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ!”

மெழுகுக் கையோடு ஓடிவந்தான் அவள் கணவன் அன்ரன். “அக்கா, அவள் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

திட்டு வாங்க இவ்வளவு ஆசையாக ஓடிவந்த முதலாளியை அக்கா கண்டதில்லை.

“ஏலாதாம்! அவளை வேலையால நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி நான் ஓடரை நிப்பாட்டுறன்.”

அன்ரன் கண்ணைத் துடைத்தான். கன்னத்தில் மெழுகு ஒட்டியது.

“அவள் எங்கட மகள், அக்கா. ஓட்டிசம். பிடிக்காட்டி அலறித் தலையைச் சுவரில இடிப்பாள். வாயால மறுத்தது இண்டைக்குத்தான்.”

அக்காவின் குரல் இறங்கியது. “அப்ப... அந்த நீல மெழுகுதிரி?”

இருவரும் ஒரே நேரத்தில், பெருமையோடு சொன்னார்கள்:

“ஏலாது!”