கயிறு கட்டும் கல்

பழைய துறைமுகத்தில் படகுகளுக்குக் கயிறு கட்டும் கல் ஒன்று இருந்தது. "எத்தனை நாட்டுக் கப்பலைப் பார்த்தவன் நான்! என் கழுத்தில் தினமும் ஈரக் கயிறா?" என்று அது சலித்துக்கொள்ளும். ஒருநாள் அதிகாரிகள் வந்து அதைச் சுற்றி வேலி போட்டு, 'பாரம்பரியச் சின்னம், தொடாதீர்' என்று பலகையும் நட்டார்கள். கல்லுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே காற்று பலத்தது. யாத்திரிகர்களோடு தள்ளாடி வந்த படகு, "அண்ணே, கழுத்தைக் கொஞ்சம் கொடுங்க, ஜனங்க இறங்கணும்" என்று கெஞ்சியது.

"பலகையைப் படிடா!" என்றது கல்.

"படிச்சிருந்தா நான் ஏன் தண்ணில கிடக்கிறேன்?" என்றது படகு.

படகோட்டி கயிற்றை வீசிப் பலகைக் கம்பத்தில் கட்டினான். இறங்கிய யாத்திரிகர்கள் ஒவ்வொருவராக, கரை சேர்த்த கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கல்லை ஒருவரும் தொடவில்லை. பலகை சொன்னதைக் கேட்கும் நல்ல ஜனங்கள்.