நீலப் பொத்தான்

"அந்தப் பொம்பளை சுத்தத் திருடி!"

வெளுத்து வந்த சட்டையைக் கட்டிலில் வீசினான் மௌனச்சாமி. மறுபடியும் ஒரு பொத்தானைக் காணோம். இது ஒன்பதாவது.

அறைத்தோழனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பொத்தானைத் திருடி அந்த அக்கா மாளிகையா கட்டப் போறாங்க?"

"பொத்தானோ பொன்னோ, திருட்டு திருட்டுதான்!"

மௌனச்சாமி என்பது கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். மிஷனரி ஆகும் ஆசையில் கடல் கடந்து பயிற்சிக்கு வந்தவன். ஆறு மாதத்தில் இந்த ஊர்ப் பாஷையைக் கற்று, அதிலேயே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கடைசிப் பரீட்சை ஊர்க்காரர்கள் முன்னால். பத்து நிமிஷம், தாளைப் பார்க்கக் கூடாது. தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

படிப்பில் பையன் புலி. கதவு, ஜன்னல், வாளி என்று அறையில் இருந்த எல்லாவற்றின் மேலும் அதன் பெயரை எழுதி ஒட்டியிருந்தான். வாளியோடு பிரமாதமாகப் பேசுவான். எதிரே ஒரு ஆள் வந்து நின்றால் போச்சு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைகளில் விரலை நீட்டியே காலத்தை ஓட்டினான்.

சலவைக்கடையிலும் அப்படித்தான். மூட்டையை வைப்பான், ஒரு தலையாட்டல், ஒரு இளிப்பு, எடுப்பான் ஓட்டம்.

மூன்றாம் மாதத்தில்தான் முதல் பொத்தான் காணாமல் போயிற்று. வகுப்பில் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. வேறு வழியில்லாமல் கடைக்குப் போனான்.

"பொத்தான்... இல்லை."

"எங்க இல்ல? எப்ப இல்ல? விவரமாச் சொல்லுங்க தம்பி, எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றாள் சலவைக்கடை அக்கா, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

விவரம் சொல்ல அவனிடம் வார்த்தை ஏது? கடைசியில் வெள்ளைச் சட்டையில் ஒரு நீலப் பொத்தானைத் தைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் இன்னொன்று. இந்த முறை அகராதியைப் புரட்டி நாலு வாக்கியம் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனான். அவள் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டாள். அதற்கடுத்த வாரம் எட்டு வாக்கியம். அவள் ஒன்பதாவதாக ஒன்று கேட்டாள். கடையை மாற்றலாம் என்றால் பக்கத்தில் வேறு கடையும் கிடையாது.

இதோ, இன்று ஒன்பதாவது பொத்தான். சட்டையும் கையுமாகக் கடைக்குப் பறந்தான்.

"செவ்வாய்க்கிழமை நானே எண்ணித்தான் கொடுத்தேன். ஏழு இருந்தது!"

"எலி கடிச்சிருக்கும் தம்பி."

"சட்டையை விட்டுட்டுப் பொத்தானை மட்டும் கடிக்குமா? அப்படி என்ன நாகரிகமான எலி அது?"

"ஒருவேளை நீங்க குண்டாயிட்டீங்களோ? தெறிச்சிருக்கும்."

"பேச்சை மாத்தாதீங்கக்கா! இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரியணும்!"

துணி வாங்க நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. அன்றைக்கும் ஜெபத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினான். 'ஆண்டவரே, அந்த அக்காவின் விரல்களைத் திருத்தும்.'

பரீட்சை நாள் வந்தது. கூடத்தில் முப்பது பேர். அவன் எடுத்த தலைப்பு, 'சின்னத் திருட்டு'. எழுந்து நின்றால், இரண்டாம் வரிசையில் சலவைக்கடை அக்கா!

தலைப்பை மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான். பிறகு, நல்லதாய்ப் போயிற்று, கேட்டாவது திருந்தட்டும் என்று தோன்றியது.

"ஒரு தெருவில் ஒரு சலவைக்கடை..." என்று ஆரம்பித்தான். எலி வந்தது, நீலப் பொத்தான் வந்தது. கூடம் குலுங்கியது. நம்பிக் கொடுத்த சட்டையில் கை வைக்கலாமா என்று குரலை உயர்த்திக் கேட்டான். பதினான்கு நிமிஷம் பேசினான். தாள் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். நன்றாகத் தைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"தேறிட்டீங்க!" ஆசிரியர் ஓடி வந்து கையைக் குலுக்கினார். "பாஷை தண்ணி மாதிரி வருதே! யாருகிட்ட பேசிப் பழகினீங்க?"

அவன் யோசிப்பதற்குள் அக்கா எதிரே வந்து நின்றாள். கண் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள்.

உள்ளே ஒன்பது வெள்ளைப் பொத்தான்கள். ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் சீட்டில் தைத்திருந்தது. முதல் சீட்டில் 'ரெண்டே வார்த்தை' என்று எழுதியிருந்தாள். மூன்றாவதில், 'அரை நிமிஷம்'. ஒன்பதாவதில், 'மூச்சு விடாமல் ஆறு நிமிஷம். இனி வெட்ட வேண்டாம்.'

"போன வருஷம் ஒரு பிள்ளை வாயே திறக்காம இருந்து, கடைசியில அழுதுகிட்டே ஊருக்குத் திரும்பிடுச்சு தம்பி. நீங்களும் விரலை நீட்டிக்கிட்டு நின்னீங்க, மனசு கேக்கல. கோபம் வந்தா யாருக்கும் பேச்சு தானா வந்துடும்ல?"

முப்பது பேர் முன்னால் இவளையா திருடி ஆக்கினோம்! அவனுக்கு உடம்பே கூசியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை வரவில்லை.

"ஐயையோ, பழையபடி ஆயிட்டீங்களே!" என்று கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள் அக்கா. "எங்க, அந்தச் சட்டையை இப்படிக் காட்டுங்க."