அருள்நாதன் வீட்டு உளவாளி

“பக்கத்து வூட்டு பிராங்கிளின் மோட்டார் போட்டுத் தண்ணிய உறிஞ்சுறான்னு புகார் அடிச்சேன். இன்னும் அனுப்பவேயில்ல, அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டான்! கண்டதையும் டவுன்லோடு பண்ணி உளவு பாக்குற ஸ்பைவேர உள்ள வுட்டது நீதான். இனிமே கம்ப்யூட்டர்ல கைய வெக்காத!”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநருக்குக் கீழிருந்து கூவிக் கூவியே வழிகாட்டி ஓய்வுபெற்ற அருள்நாதன், மருமகளை ஏளனமாக நோக்கினார். அக்கணினியை நம்பியே வேலை பார்த்துவந்த ஜானட் உடனே பழுதுபார்ப்பவரை அழைத்தாள்.

வந்த மதி முழுவதும் சோதித்தார். “உள்ள ஒண்ணுமே இல்ல சார். எதுக்கும் பாஸ்வேர்ட மாத்திடுங்க.”

“ரெண்டு பேரும் அப்படித் திரும்புங்க. திருட்டுக் கண்ணுங்க!”

இருவரும் சுவரைப் பார்த்து நின்றனர். அருள்நாதன் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். கிரேனுக்குக் கூவிய அதே குரலில், ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டினார்.

“எல்... ஐ... ஓ... என்... ஏழு... ஏழு... மறுபடி அடிக்கச் சொல்லுதே! கடசீல இன்னா போட்டேன்?”

அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து பிராங்கிளின் பதிலளித்தான்.

“லயனுக்கு அப்பால ரெண்டு ஏழு, நைனா!”

ஜானட் திரும்பினாள்.

“ஸ்பைவேர் ஆப்ட்டுச்சு மாமா. கொஞ்சம் நவுருங்க, எனக்கு வேல கீது.”